எதுக்குக் கேக்குறீங்க?

போன ஆண்டு எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். சிங்கப்பூரில் ஊர்ப் பெயரிலும் கல்லூரிப் பெயரிலும் இப்படிப் பல சங்கங்கள் உண்டு, எல்லாக் கூட்டங்களும் ஒரே மாதிரிதான் நடக்கும். சமூக மன்றத்தில் வாடகைக்கு எடுத்த அறை, நாற்பது பேர், பின்வரிசையில் கைப்பேசியோடு பிள்ளைகள், வெளியே மேசையில் பிரியாணிப் பொட்டலங்கள். பொருளாளர் வரவுசெலவை மளமளவென்று வாசித்துக்கொண்டு போனார். பொங்கல் விழா, ஒலி ஒளி அமைப்பு, 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்). அதற்கு முந்தைய ஆண்டும் அதே மண்டபம், அதே ஆள்தான். அப்போது 1,200. நான் கையைத் தூக்கி, இந்த 600 வெள்ளி எதனால் கூடியது என்று கேட்டேன். குற்றம் சாட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

பொருளாளர் என்னைவிட இளையவர், தங்கமான பையன். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "எதுக்குண்ணே கேக்குறீங்க?" என்றார். அவ்வளவுதான். அறை அமைதியானது. நாற்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "அண்ணன் எம்.ஜி.ஆர். மாதிரி கணக்குக் கேக்குறாரு, அடுத்த மாசம் தனிச் சங்கந்தான்!" என்று எடுத்துவிட, அறையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பிரியாணி வந்தது. 600 வெள்ளி அப்படியே நின்றது.

திரும்பும் வழியில் ரயிலில் அந்தக் கிண்டல் என்னை உறுத்தவில்லை. 1972இல் கட்சியின் பொருளாளரே கணக்குக் கேட்டு வெளியேற்றப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், அந்த நகைச்சுவை எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. உறுத்தியது 'எதுக்குண்ணே கேக்குறீங்க'தான். அதைக் கேட்ட நொடியில் 600 வெள்ளி கூண்டிலிருந்து இறங்கிப் போய்விட்டது, நான் ஏறி நின்றேன். அந்த நொடியை நான் முன்பே எங்கோ பார்த்திருந்தேன். எங்கே என்பது சிராங்கூன் நிலையத்தில் ரயில் மாறும்போது நினைவுக்கு வந்தது.

நாடாளுமன்றத்தில் ஒரு திருப்பிக் கேள்வி

2020 ஜனவரி. கொரோனா இன்னும் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தியாக இருந்த நாட்கள். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங் அப்போது அல்ஜுனிட் குழுத்தொகுதி உறுப்பினர் மட்டும்தான். எதிர்க்கட்சித் தலைவர் என்ற அதிகாரபூர்வமான பட்டமும் அலுவலகமும் அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் கட்சி 10 இடங்களைப் பிடித்த பிறகுதான் வந்தன. எதிரே வர்த்தக, தொழில் அமைச்சர் சான் சுன் சிங். பேச்சு வேலைகளைப் பற்றியது. இங்கே அரசாங்கப் புள்ளிவிவரத்தில் 'உள்ளூர்வாசிகள்' என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்தது. கூடுதலாக உருவான வேலைகளில் குடிமக்களுக்கு எத்தனை, நிரந்தரவாசிகளுக்கு எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று பிரித்தம் சிங் கேட்டார். எண்களைத் தரலாம் என்றார் அமைச்சர். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நோக்கம் என்ன என்று திருப்பிக் கேட்டார்.

நாடாளுமன்ற நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான். எனவே நாங்கள் பார்த்தது ஒரு துண்டுக் காணொளி. அலுவலகத்தில் அது சுற்றிச் சுற்றி வந்தது. சீன நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டில் கோழிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே அதைப் போட்டுக் காட்டினார். எனக்கு அன்று வந்த ஆத்திரத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றிரவு வீட்டில் அரைமணி நேரம் பிரசங்கமே செய்தேன். வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் அமைச்சரிடம் ஓர் உறுப்பினர் எண் கேட்டால், எண்ணைச் சொல்ல வேண்டும், கேட்டவனின் மனசுக்குள் டார்ச் அடிக்கக்கூடாது, அப்படி இப்படி. நான் அப்போது எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில், இருந்தேன். அந்த எண்ணில் குடிமக்கள் பக்கத்திலும் நான் இல்லை, நிரந்தரவாசிகள் பக்கத்திலும் இல்லை. ஒருவேளை அதனால்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேனோ என்னவோ.

வேடிக்கை என்னவென்றால், பின்னர் வெளியான எண்கள் அரசாங்கத்துக்குச் சாதகமானவை. 2015க்கும் 2018க்கும் இடையில் உள்ளூர்வாசிகளின் வேலைகள் ஏறத்தாழ 60,000 கூடின. அதில் 50,000க்குப் பக்கத்தில் குடிமக்களுக்கு, 9,000 சொச்சம் நிரந்தரவாசிகளுக்கு. ஆறில் ஐந்து பங்கு குடிமக்களுக்கே போயிருக்கிறது. கையில் இவ்வளவு நல்ல சீட்டை வைத்துக்கொண்டு எதற்காக ஆட்டத்தையே சந்தேகப்பட வேண்டும்? அமைச்சரின் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியிலிருந்து வந்தவர்களால் கட்டப்பட்ட ஊர் இது. 'நீ யார், எப்போது வந்தாய்' என்று மக்களைப் பிரித்து எண்ணத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்ற பயம் போலியானது அல்ல. ஆனால் அமைச்சர் அப்படித் திருப்பிக் கேட்டவுடன் ஊர் முழுக்க நினைத்தது வேறு. 'ஏதோ இருக்கிறது, அதனால்தான் சொல்லத் தயங்குகிறார்கள்.'

இங்கே கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஏழு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் எட்டாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். அதிகாரிகள் உட்கார்ந்து தயாரித்த பதிலை அமைச்சர் வாசிப்பார், அதில் உயிர் இருக்காது. உயிர் இருப்பது அதற்கு அப்புறம் வரும் துணைக் கேள்வியில்தான். காகிதத்தில் இல்லாத ஒன்றை உறுப்பினர் எழுந்து கேட்பார், அமைச்சர் தன் சொந்தச் சரக்கிலிருந்து பதில் சொல்ல வேண்டும். நோக்கத்தைக் கேட்ட அந்தப் பதிலும் அப்படி வந்ததுதான். எழுதிக் கொடுத்த பதிலில் எந்த அதிகாரியும் அந்த வரியைச் சேர்த்திருக்க மாட்டார்.

இந்த அவையில் துணைக் கேள்வி கேட்க எதிர்த்தரப்பில் ஆளே இல்லாத காலமும் இருந்தது. 1968லிருந்து 1981 வரை எல்லா இடங்களும் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கே. 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்னம் ஜெயித்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், வழக்கறிஞர், நீதிபதியாகவும் இருந்தவர். ஒற்றை ஆளாக உட்கார்ந்து அமைச்சர்களைக் குடைந்தார். வழக்குகள், அபராதம், பதவி இழப்பு, திவால் என்று அவர் வாழ்க்கை போன விதம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் ரயில் நிலைய வாசலில் நின்று தன் புத்தகங்களை விற்றுக்கொண்டிருந்தார். நான் இந்த ஊருக்கு வந்தது 2011இல், அவர் 2008லேயே போய்விட்டார். அவரைப் பார்த்ததாகச் சொல்லும் மூத்த தமிழர்கள் எல்லோரும் ஒன்றைத் தவறாமல் சொல்கிறார்கள். புத்தகம் வாங்கினார்களோ இல்லையோ, நின்று கை கொடுத்துவிட்டுத்தான் போனார்களாம்.

32,000 பெரிய எண்ணா, சின்ன எண்ணா?

2020 தேர்தலுக்குப் பிறகு கேள்விகளின் நிறம் மாறியது. செங்காங் குழுத்தொகுதியிலிருந்து வந்த பொருளியல் பேராசிரியர் ஜேமஸ் லிம், குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். கட்சியின் கோரிக்கை மாதம் 1,300 வெள்ளி. அரசாங்கத்தின் வழி வேறு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு படிக்கட்டு. துப்புரவுத் துறையில் 2014இல் 1,000 வெள்ளியில் தொடங்கி, திறனுக்கு ஏற்ப ஏறும் சம்பள முறை. கூடவே குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கமே கொடுக்கும் வேலைநலத் துணை வருமானம். எது சிறந்தது என்று இரண்டு தரப்பும் மாறி மாறி வாதாடிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் உணவங்காடியில் ஒரு பாட்டி தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார். முதுகு வளைந்த சீனப் பாட்டி. என்னைப் பார்த்தால் "பாய்!" என்று கூப்பிடுவார். எனக்கு அப்போதே நாற்பதைத் தாண்டிவிட்டது. மாதம் எவ்வளவு வரும் என்று ஒருநாள் கேட்டேன். விரலைக் காட்டி ஆயிரம், அப்புறம் கையை அசைத்துக் 'கொஞ்சம் மேலே' என்றார். சொல்லிவிட்டு அவரும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மலாயும் ஆங்கிலமும் ஹொக்கியனும் கலந்த அந்தக் கேள்வியின் சாரம் இதுதான்: ஏன் கேட்கிறாய், எனக்குக் கொடுக்கப்போகிறாயா?

அந்த அக்டோபரில் பிரித்தம் சிங்கும் மூத்த அமைச்சர் தர்மன் சண்முகரத்னமும் இதைப் பற்றி அவையில் நேருக்கு நேர் பேசினார்கள். எனக்குப் பிடித்த நாடாளுமன்ற உரையாடல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இருவரும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் வாங்கினார்கள். அங்கே அடிபட்ட எண் 32,000. அரசாங்க உதவித்தொகை எல்லாம் சேர்த்த பிறகும் 1,300 வெள்ளிக்குக் கீழே வாங்கும் முழுநேர ஊழியர்கள். எதிர்க்கட்சி அதை 32,000 என்று சொன்னது. அதையே விழுக்காட்டில் சொன்னால் உள்ளூர் ஊழியரணியில் இரண்டுக்கும் குறைவு. ஒரே எண்தான், ஒரு வாயில் ஒரு கூட்டமாகத் தெரிகிறது, இன்னொரு வாயில் ஓரத்தில் மிஞ்சிய துணிபோலத் தெரிகிறது. இரக்கம் யாருக்கும் தனியுடைமை இல்லை என்ற பொருளில் தர்மன் அன்று சொன்னது அடுத்த நாள் எல்லா இடத்திலும் மேற்கோளாக வந்தது. சரிதான். ஆனால் இரக்கத்தைப் பற்றிப் பேச அந்த எண் மேசைமேல் இருக்க வேண்டியிருந்தது. அன்று யாரும் நோக்கத்தைக் கேட்கவில்லை. அதனால்தான் பேச்சு அவ்வளவு தூரம் போனது என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்வியால்தான் சம்பளம் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் அப்படித்தான் சொல்வார்கள், ஆளும் கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்புக் குழு 2021 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு ஊழியர்களை எடுக்கும் நிறுவனங்கள் தங்கள் உள்ளூர் முழுநேர ஊழியருக்குக் குறைந்தது 1,400 வெள்ளி கொடுக்க வேண்டும் என்றானது. 2024 ஜூலையில் அது 1,600. குறைந்தபட்சச் சம்பளம் என்ற பெயரை மட்டும் யாரும் அதற்கு வைக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகும் பெயர் வைக்காமல் 'தம்பி, தம்பி' என்று கூப்பிடுவதைப்போல.

பொதுச்செலவு விஷயத்தில் கேள்வி கேட்பது இதைவிடக் கஷ்டம். வரவுசெலவுத் திட்டத்தின்மீது ஒவ்வோர் அமைச்சாக விவாதம் நடக்கும்போது, பேச விரும்பும் உறுப்பினர் அந்த அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிவார். பல பில்லியன் வெள்ளியில் 100 வெள்ளி! நம்மூர்ச் சட்டமன்ற வெட்டுத் தீர்மானத்தின் தம்பி. பேசி முடித்து, அமைச்சர் பதில் சொன்ன பிறகு, அந்த 100 வெள்ளியை மரியாதையாகத் திரும்பப் பெற்றுக்கொள்வார். பேசுவதற்கான நுழைவுச்சீட்டு அது, அவ்வளவுதான். பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறியபோது, வரியைக் கூட்டுவதற்குப் பதில் நாட்டின் இருப்பிலிருந்து வரும் முதலீட்டு வருவாயில் செலவுக்கு எடுக்கும் பங்கை 50 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கலாமே என்று பாட்டாளிக் கட்சி கேட்டது. நியாயமான கேள்விதான், எதிர்காலத் தலைமுறையின் பங்கில் கை வைக்காதீர்கள் என்ற பதிலும் நியாயமானதுதான். ஆனால் மொத்த இருப்பு எவ்வளவு என்பது இந்த ஊரில் வெளியே சொல்லப்படுவதில்லை. நாணயத்தைத் தாக்க நினைப்பவர்களுக்கு நம் கையிருப்பைக் காட்ட வேண்டாம் என்பது காரணம். அந்த இருப்பின் சாவியை வைத்திருக்க வேண்டியவர் என்று மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங், அரசாங்கச் சொத்துகளின் பட்டியலைக் கேட்டபோது, அதை மதிப்பிட ஐம்பது ஆள்-ஆண்டுகளுக்குமேல், அதாவது ஒரே ஆள் செய்தால் ஐம்பது ஆண்டுக்குமேல், ஆகும் என்றார்களாம். அதிபருக்கே அந்தப் பதில் என்றால் சங்கத்துப் பொங்கல் கணக்கில் எனக்குக் கிடைத்தது ராஜமரியாதை.

எண் என் பக்கம் திரும்பிய நாள்

இவ்வளவு நேரம் நான் கேட்பவர்களின் பக்கம் வசதியாக உட்கார்ந்துகொண்டு பேசினேன். 2021க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்கள் இந்தியர்களுக்கு இங்கே நன்றாக இல்லை. டெல்டா கிருமிக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன் வேறு பெயர் இருந்தது, அதில் எங்கள் நாட்டின் பெயர் இருந்தது. இந்தியாவோடு 2005இல் கையெழுத்தான விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் ஆங்கிலச் சுருக்கம் 'சீக்கா'. ஒரு வர்த்தக உடன்பாட்டின் பெயர் வசவுச் சொல்லாகும் என்று அதைப் பேசி முடித்த அதிகாரிகள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இணையத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பெயர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இந்தியர்களும் அந்தப் பெயருக்குத் தப்பவில்லை. வேக நடை போய்க்கொண்டிருந்த ஓர் இந்தியச் சிங்கப்பூர்ப் பெண்மணியை முகக்கவசத்தைக் காரணம் காட்டி ஒருவன் நெஞ்சில் உதைத்தது அந்த மே மாதத்தில்தான். அந்த வாரம் என் மகன் பள்ளியிலிருந்து வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "அப்பா, நாம சீக்காவா?"

அவையில் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் லியோங் மன் வாய், தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர், அதாவது தேர்தலில் தோற்றாலும் நல்ல வாக்கு வாங்கியதால் அவையில் இடம் கிடைத்தவர். உடன்பாட்டால் உள்ளூர் நிபுணர்களின் வேலை போகிறதா, எத்தனை பேர் அதன்வழி வந்திருக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. சட்ட அமைச்சர் சண்முகம், தீர்மானம் கொண்டுவாருங்கள், வெளிப்படையாக விவாதிப்போம் என்று அறைகூவல் விட்டார். ஜூலை 6ஆம் தேதி சுகாதார அமைச்சர் ஓங் யி காங், மனிதவள அமைச்சர் டான் சீ லெங் இருவரும் விரிவான அறிக்கை வைத்தார்கள். ஓங் யி காங் அரசியலுக்கு வருமுன் வர்த்தக உடன்பாட்டுப் பேச்சுகளில் உட்கார்ந்தவர், அதனால் அவர் வாயில் அது பாடம்போல வந்தது. உடன்பாடு யாருக்கும் தானாக வேலை உரிமை தருவதில்லை, எல்லாரும் வழக்கமான தகுதி விதிகளைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றார்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாட்கள். ஒரு திரையில் வேலை, இன்னொரு திரையில் நேரலை. எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்கள் 2005இல் 65,000, 2020இல் 177,000. நிறுவனத்துக்குள் இடமாற்றம் (அதே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றலாகி வருவது) என்ற பிரிவில் 2020இல் இருந்தவர்கள் மொத்தமே 4,200 பேர், அதில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் சுமார் 500. வதந்திகள் சொன்ன பெருவெள்ளம் எங்கே, இந்த 500 எங்கே! நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த எண் வந்தது. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களில் இந்தியர்களின் பங்கு 2005இல் 14 விழுக்காடு, 2020இல் ஏறத்தாழ 25. நாலில் ஒருவர். அந்த நாலில் ஒருவர் நான்.

காரணங்களையும் அமைச்சர் சொன்னார். மின்னிலக்கத் துறை வேகமாக வளர்ந்தது, உலகம் முழுக்க அந்தத் துறைக்கு ஆள் கொடுப்பது இந்தியா. எல்லாம் சரி. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நாளைக்கு லிஃப்டில் என்னோடு வருபவர்கள் இந்த 25ஐத்தான் நினைப்பார்கள், 500ஐ யார் நினைக்கப் போகிறார்கள் என்று மட்டும் ஓடியது. மேசையைத் தட்டி, கொஞ்சம் சத்தமாகவே, "இந்தக் கணக்கை எல்லாம் எதுக்குக் கேக்குறாங்க? என்ன நோக்கம்?" என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி. "போன வருஷம் ஒரு அமைச்சர் இதையேதான் கேட்டாரு. நீங்க அரைமணி நேரம் லெக்சர் அடிச்சீங்க, ரசம் ஆறிப்போச்சு" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். அவள் போய்விட்டதால் நான் அந்த வாக்கியத்தோடு தனியாக மாட்டிக்கொண்டேன்.

பல வாரம் ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். பாட்டியின் சம்பளத்தைக் கேட்பது ஏழைக்காக, அது நல்ல கேள்வி. என் பாஸைக் கேட்பது இனத்தைக் காட்டி வாக்கு வாங்க, அது கெட்ட கேள்வி. இந்தக் கோட்டை எத்தனை முறை போட்டாலும் அழிந்தது. வேலை போன ஐம்பது வயதுச் சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்கு, என்னைப் பற்றிய கேள்விதான் சம்பளக் கேள்வி. அவருடைய நாலு பேர் கொண்ட பழைய குழுவில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், அவருக்கு அரசாங்கத்தின் எண் வேண்டும். லியோங் மன் வாய் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. கேட்பவருடைய தொனியை வைத்து அவருக்கு வாக்களிக்கலாம், வாக்களிக்காமல் இருக்கலாம். எண்ணைத் தர மறுப்பதற்கு அந்தத் தொனி போதுமா என்று கேட்டால், என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பாண்டியன்கூட வாசலில் வந்து நின்ற கண்ணகியை முதலில் 'நீ யார்' என்றுதான் கேட்டான். ஆனால் தன் சிலம்பின் பரல் முத்து என்ற தகவலை அவன் மறைக்கவில்லை, அதுவே தனக்கு எதிராகத் திரும்பும் என்று தெரியாமல் சொன்னான் என்றாலும்.

எண் வந்ததும் எல்லாரும் தெளிந்துவிட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். இணையத்தில் 25 மட்டும்தான் ஓடியது, நான் பயந்தது சரியாகவே நடந்தது. செப்டம்பர் 14ஆம் தேதி இதைப் பற்றி இரண்டு தீர்மானங்கள்மீது பத்து மணி நேரத்துக்கும் மேலாக, நள்ளிரவு தாண்டி விவாதம் நடந்தது. பதினொரு மணிக்கு நான் தூங்கப் போய்விட்டேன். இருந்தாலும் ஒன்றைக் கவனித்தேன். அந்த 14 விழுக்காடு பதினைந்து ஆண்டு மூடியிருந்து ஒரே நாளில் 25 என்று திறந்ததால்தான் அது வெடித்தது. ஆண்டுதோறும் ஒன்று, அரை என்று ஒரு பட்டியலின் மூலையில் ஏறிக்கொண்டே வந்திருந்தால் அது வானிலை அறிக்கைபோல அலுத்துப் போயிருக்கும். மூடிய பானைக்குள் என்ன வேகிறது என்று ஊர் தன் இஷ்டத்துக்குக் கதை கட்டியது, மூடியைத் திறந்தபோது எல்லாருக்கும் அவரவர் கதைதான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் யாரையோ தூக்கிப் பிடிப்பதாகத் தோன்றும். 2025 பிப்ரவரியில் பிரித்தம் சிங், நாடாளுமன்றக் குழு ஒன்றிடம் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது, ஒவ்வொன்றுக்கும் 7,000 வெள்ளி அபராதம். செய்தி வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 'கேள்வி கேட்டவரின் யோக்கியதையைப் பார்த்தீர்களா' என்று எழுதினார். பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 2020இல் அவர் கேட்ட எண் இதனால் மாறவில்லை. 50,000 அதே 50,000தான்.

மறுபடியும் அந்த 600 வெள்ளி

எனக்கு இப்போது நிரந்தரவாசத் தகுதி கிடைத்துவிட்டது. அதாவது 2020 ஜனவரிக் கேள்வியை இன்று யாராவது கேட்டால், பிரித்து வைக்கப்படும் பக்கத்தில் நான் இருப்பேன். இதை என் மனைவி எனக்கு முன்பே கவனித்துவிட்டாள்.

இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சரியாக ஏழு நாள் முன்னால் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பாதி விளையாட்டு, பாதி வீம்பு. பொருள்: ஒலி ஒளி அமைப்புச் செலவு. எழுத்துமூலம் பதில் அளித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு நாளில் பொருளாளர் போன் செய்தார். "அண்ணே, ஒரு காப்பி குடிக்கலாமா?"

லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். எல்லா ரசீதும் தேதி வாரியாக இருந்தது. ஒலி அமைப்புக்காரர் வழக்கம்போல 1,200தான் வாங்கியிருந்தார். மீதி 600, கூடுதல் இரண்டு மணி நேரத்துக்கு, மணிக்கு 300 வீதம். விழா எட்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டும், பத்தாகிவிட்டது. பட்டிமன்றம் இழுத்துவிட்டது.

"பட்டிமன்றத்துக்கு நடுவர்..." என்று ஆரம்பித்தவர், கோப்பியைக் கலக்க ஆரம்பித்தார்.

நடுவர் நான்தான். தீர்ப்பு மட்டும் முக்கால் மணி நேரம் சொன்னேன். கைதட்டு பலமாக இருந்தது என்று அன்று மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறது.

"எல்லார் முன்னாலயும் எப்படிண்ணே சொல்றது? அதான் எதுக்குக் கேக்குறீங்கன்னு கேட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் எதிரே காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் ஒரு பெண்மணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் நான் ரசீதை மறுபடி கையில் எடுத்தேன். "ஒன்றரை மணி நேரம்தானே லேட் ஆச்சு, தம்பி? ரெண்டுன்னு போட்டிருக்காங்களே?"

அவர் ரசீதை என் பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்து, உறைக்குள் வைக்கப் போனவர், நிறுத்தி, திருப்பி மேசைமேல் விரித்தார். முடிந்த நேரம் என்ற இடத்தில் பேனாவால் எழுதியிருந்தது, 10.05. நான் கைக்கடிகாரத்தைக்கூட அன்று பார்க்கவில்லை. கோப்பிக்கு நானே காசு கொடுத்தேன். மூன்று வெள்ளி அறுபது காசு. ரசீது கேட்கவில்லை.